லொறியில் ஓட்டோ கியர்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியா வடக்கிலும் ஓட்டோ கியர் (தானாக மாறும் கியர்) பூட்டிய கெப் வாகனங்களும் சிறிய லொறிகளும் முன்பை விட அதிகமாக ஓடுகின்றன. அவற்றைத் திருத்தப் பழகிய கைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. நெல் ஏற்றுபவர்கள், கிரவல் ஏற்றுபவர்கள், தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டு போகிறவர்கள் என்று பலர் எங்கள் கராச்சில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறோம்.

ஓட்டோ கியர் என்றால் எல்லாம் ஒரே வகைதானா?

இல்லை. எந்த வகை என்று தெரியாமல் ஒயில் ஊற்றுவதில்தான் பாதிப் பிழைகள் தொடங்குகின்றன. முதலாவது வகையில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் தட்டுக்குப் பதிலாக டோர்க் கொன்வேர்ட்டர் இருக்கும். எஞ்சினின் சுழற்சி ஒயிலின் வழியாகவே பெட்டிக்குப் போகும், உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகளை ஒயில் அமுக்கமே இறுக்கியும் விட்டும் கியரை மாற்றும். ஹைலக்ஸ் போன்ற கெப் வாகனங்களில் இருப்பது இதுதான்.

இரண்டாவது வகை உண்மையில் சாதாரணக் கைக்கியர்ப் பெட்டி. கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் சாரதியின் காலுக்கும் கைக்கும் பதிலாகக் கணினி செய்கிறது. இசுசு எல்ஃப் லொறிகளில் வரும் ஸ்மூதரும் ஹினோ டுட்ரோவில் வரும் புரோசிஃப்டும் இந்தக் குடும்பம். மூன்றாவது வகை இரட்டைக் கிளட்ச். மிற்சுபிசி ஃபூசோ நிறுவனம் 2010இல் கன்டர் லொறியில் கொண்டுவந்த டியூவோனிக் இதற்கு உதாரணம்.

கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை முதலாவது வகைக்கு உரியவை. மற்ற இரண்டையும் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

வன்னி சமதரைதானே, மலை ஏற்றம் இல்லாத இடத்தில் கியர்ப் பெட்டி ஏன் பழுதாகிறது?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். ஓட்டோ கியரைக் கொல்வது மலையும் அல்ல, தூரமும் அல்ல. சூடுதான் கொல்கிறது, அந்தச் சூடு பிறக்கும் இடம் டோர்க் கொன்வேர்ட்டர். வாகனம் மெதுவாகவும் பாரமாகவும் நகரும்போது கொன்வேர்ட்டரின் ஒரு பக்கம் வேகமாகச் சுழல, மறுபக்கம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். அந்த வித்தியாசம் முழுவதும் ஒயிலைக் கடைந்து சூடாக்குவதில் முடிகிறது. ஏ-9 வீதியில் வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை மணிக்கு 60 கிலோமீற்றரில் சீராக ஓடும்போது, உள்ளே உள்ள லொக்-அப் கிளட்ச் இரண்டு பக்கங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால் சூடு குறைவு, றேடியேற்றருக்குக் காற்றும் நன்றாகக் கிடைக்கும். அதே வாகனம் காலபோக அறுவடையில் வயல் வரம்போரத்து வண்டிப் பாதையில் மூட்டைகளோடு மணிக்கு 8 கிலோமீற்றரில் ஊர்ந்து வரும்போது லொக்-அப்பும் இல்லை, காற்றும் இல்லை.

ஒயில் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையில் வேலை செய்யும்போது நெடுநாள் தாங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஒயிலின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 120 பாகையைத் தாண்டினால் வால்வுகளில் பிசின் போலப் படியத் தொடங்கும், இன்னும் ஏறினால் இறப்பர் சீல்கள் இறுகும், 150 பாகையை எட்டினால் கிளட்ச் தட்டுகளே கருகும். பலத்த மழைக்குப் பிந்திய ஒரு நாளில் வயலில் ஒரு மணி நேரம் போராடுவது, நெடுஞ்சாலையில் மாதக்கணக்கில் ஓடுவதை விட அதிகமாகப் பெட்டியைத் தேய்க்கலாம்.

ஒயிலை எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? “ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை” என்று விற்றவர் சொன்னாரே?

அந்த “ஆயுள்” யாருடைய ஆயுள் என்று விற்றவரிடம் கேட்க வேண்டும். சீரான வீதியில் பாரமில்லாமல் ஓடும் வாகனத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்ட சொல் அது. அதே கைநூலில் பாரம் ஏற்றுதல், இழுவைப் பெட்டி இழுத்தல், தூசி நிறைந்த வீதி ஆகியவற்றுக்கென்று கடும் பயன்பாட்டு இடைவெளி ஒன்று பெரும்பாலும் தனியாகத் தரப்பட்டிருக்கும். நெல்லும் கிரவலும் ஏற்றும் வன்னி வாகனம் அந்த வகையைத்தான் சேரும். எங்கள் பரிந்துரை 40,000 கிலோமீற்றர் அல்லது இரண்டு வருடம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அது. வயலில் அதிகம் இறங்கும் வாகனமாயின் 30,000 கிலோமீற்றர்.

எந்த ஒயிலை ஊற்றுவது? சிவப்பாக இருந்தால் போதுமா?

போதாது. ஓட்டோ கியர் ஒயில் வழுக்க வைப்பதற்கு மட்டும் உள்ளதல்ல. கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்கிப் பின் எப்போது பிடிக்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. டொயோட்டாவின் டி-4 ஒயிலும் டபிள்யூ.எஸ். ஒயிலும் ஒரே நிறுவனத்தின் பெயரில் வந்தாலும் டபிள்யூ.எஸ். மெல்லியது, ஒன்றுக்குப் பதிலாக மற்றதை ஊற்றக்கூடாது. பழைய பெட்டிகள் பல டெக்ஸ்ரன் 3 கேட்கும், மிற்சுபிசியில் எஸ்.பி. 3 கேட்பவை உண்டு. ஒயில் பார்க்கும் கம்பியிலோ கைநூலிலோ எழுதியிருப்பதை அப்படியே கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். “எல்லா ஓட்டோவுக்கும் சரிவரும்” என்று எழுதிய போத்தல், வேறு வழியில்லாத இடத்தில் வீடு வந்து சேர உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கெப் வாகனம் எங்களிடம் கட்டி இழுத்து வரப்பட்டது. “தம்பி, கியர் விழுகுது, ஆனா இழுக்குதில்லை” என்றார் அதன் உரிமையாளர். பெட்டியின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றியபோது வந்தது தடித்த கைக்கியர் ஒயில். வேறொரு கராச்சில் “கியர் ஒயில்தானே” என்று ஊற்றியிருக்கிறார்கள். அந்தத் தடிப்போடு, ஒயிலைத் திருப்பிவிட்டுக் கியரை மாற்றும் வால்வ் பொடி என்ற பாகத்தின் நுண்ணிய வழிகளில் ஒயில் ஒழுங்காக ஓட முடியாது. பெட்டியைப் பிரித்தபோது முன்னோக்கிக் கிளட்ச் தட்டுகள் அத்தனையும் அடுப்புக்கரி போல இருந்தன.

ஒயில் அளவை எப்படிச் சரியாகப் பார்ப்பது?

எஞ்சின் ஒயில் போலக் காலையில் குளிர்ந்த வாகனத்தில் பார்த்தால் பிழையான அளவைத்தான் காட்டும். பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பின், சமமான நிலத்தில் கைப்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர்த் தண்டை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று வினாடி நிறுத்தி மீண்டும் “பி” (பார்க்) நிலைக்குக் கொண்டு வாருங்கள். எஞ்சினை நிறுத்தாமலே கம்பியை இழுத்து, நூல் உதிராத துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்தால் “ஹொட்” என்று குறித்த இரு கோடுகளுக்கு நடுவே ஒயில் நிற்க வேண்டும். சில தயாரிப்புகளில் “பி” அல்ல, “என்” (நியூற்றல்) நிலையில் பார்க்க வேண்டும் என்று கம்பியிலேயே எழுதியிருக்கும்.

கம்பியே இல்லாத பெட்டிகள் இப்போது அதிகம். அவற்றில் ஒயில் ஏறக்குறைய 40 பாகைச் சூட்டில் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அடியிலுள்ள அளவுத் திருகாணியைத் திறந்து, ஒயில் தாரையாக வருவது நின்று துளித்துளியாக வரும்போது மூட வேண்டும். சரியான வெப்ப எல்லை கைநூலில் இருக்கும். பகல் வெயிலில் நிறுத்திய வாகனத்தில் இந்த வேலையைத் தொடங்கினால் வெப்பம் எல்லையைத் தாண்டிவிடும், விரிந்த ஒயில் கூடுதலாக வெளியேறிப் பெட்டியில் குறைந்துவிடும். ஆகவே இதைக் காலை வேளையில் செய்யுங்கள்.

கம்பியில் வந்த ஒயிலை வெள்ளைத் துணியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. தேயிலைச் சாயம் போல மண்ணிறமாயின் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, கருகிய மணம் வந்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்ததுபோல இளஞ்சிவப்பாக இருந்தால் றேடியேற்றருக்கு உள்ளே இருக்கும் ஒயில் கூலர் வெடித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியானால் வாகனத்தை மேலும் ஓட்ட வேண்டாம். தட்டுகளில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும்.

சம்பில் உள்ள ஒயிலை இறக்கி நிரப்பினால் முழுதும் மாறிவிடுமா?

மாறாது. பத்து லீற்றர் கொள்ளும் பெட்டியில் சம்பைத் திறந்தால் நான்கு லீற்றர் வரும், மற்ற ஆறும் கொன்வேர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை மாற்றியபின் 60 சதவீதம் பழைய ஒயில்தான். சில நாள் ஓட்டி இரண்டாம் முறை மாற்றினால் 36, மூன்றாம் முறை மாற்றினால் ஏறத்தாழ 22 சதவீதமாக அது இறங்கும். பன்னிரண்டு லீற்றர் செலவாகும். ஆனால் உள்ளே படிந்த அழுக்கைக் கிளப்பாமல் செய்யும் பாதுகாப்பான வழி இது. இயந்திரம் பூட்டி அமுக்கத்தில் கழுவும் முறையை, நெடுங்காலம் ஒயில் மாற்றாத வாகனத்தில் நாங்கள் செய்வதில்லை.

முதல் முறை சம்பைக் கழற்றும்போதே உள்ளே உள்ள பில்டரையும் கேஸ்கட்டையும் மாற்றிவிடுங்கள், சம்பின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தங்களையும் துடையுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மெல்லியதாக இருப்பது இயல்பான தேய்வு. விரலில் குத்தும் இரும்புச் சீவல், மஞ்சள் நிறப் பித்தளைத் துகள், கறுப்புத் தாள் போன்ற செதில்கள் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் புது ஒயிலுக்குச் செலவழிப்பதற்கு முன் பெட்டியின் நிலையை ஆராய வேண்டும்.

இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடியும் மாற்றாத ஒயிலை இப்போது மாற்றினால் கியர் வழுக்கும் என்கிறார்களே?

வழுக்கத் தொடங்கிய பிறகு கடைசி முயற்சியாக ஒயிலை மாற்றுகிறவர்களிடமிருந்து பரவிய கதை இது. ஏற்கெனவே எரிந்த தட்டைப் புது ஒயில் உயிர்ப்பிக்காது. மாற்றிய இரண்டாம் நாள் வாகனம் நின்றால் பழி ஒயிலின் மேல் விழும். கியர் ஒழுங்காக மாறுகிறது, ஒயில் மண்ணிறமாக மட்டும் இருக்கிறது என்றால் மேலே சொன்னபடி படிப்படியாக மாற்றுங்கள்.

மேம்படுத்துவதாயின் எதை முதலில் பூட்டுவது?

கூலர். அதற்கு அடுத்தது ஒயில் வெப்பமானி. மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பின்னர்தான்.

தொழிற்சாலையில் வரும் ஒயில் கூலர் பெரும்பாலும் றேடியேற்றரின் கீழ்த் தொட்டிக்குள் இருக்கும் சிறு குழாய். தன்னைச் சுற்றி ஓடும் றேடியேற்றர்த் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே அது ஒயிலை இறக்க முடியாது. வெளிக் கூலர் ஒன்றைப் பூட்டும்போது, பெட்டியிலிருந்து வரும் ஒயில் முதலில் றேடியேற்றருக்குள் போய், பின் வெளிக் கூலரில் குளிர்ந்து, பெட்டிக்குத் திரும்பும் வரிசையில் குழாய்களை இணைக்க வேண்டும். குழாய் பதித்த பழைய பாணிக் கூலரை விடத் தட்டுகளை அடுக்கிச் செய்த கூலர் அதே அளவில் அதிகம் குளிரூட்டும். ஒயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும் என்று குறித்த இறப்பர்க் குழாயையே பாவியுங்கள். எரிபொருள் குழாயையோ தண்ணீர்க் குழாயையோ பூட்டி, மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவே காட்டோரத்தில் ஒயில் முழுதையும் வீதியில் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறோம். குளிர்நாடுகளில் ஒயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் என்று தேமோஸ்டாட் பூட்டுவார்கள். எங்கள் வெயிலுக்கு அது அநேகமாக வீண்செலவு.

அறுவடைக் காலத்தில் பதரும் வைக்கோல் தூசியும் றேடியேற்றரை அடைக்காமல் இருக்க முன்னால் நுளம்பு வலை கட்டும் வழக்கம் எங்களிடம் உண்டு. வலை பதரைத் தடுக்கும், ஆனால் பதர் நிறைந்த வலை காற்றையும் தடுக்கும். நாளுக்கு இரண்டு முறை உதறாவிட்டால் கூலர் பூட்டியதில் பயனில்லை. தகட்டு இடைவெளிகளை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அமுக்கத் தண்ணீரால் கழுவுங்கள்.

வெப்பமானியின் உணரியைச் சம்பில் பூட்டினால் பெட்டி முழுதின் சராசரிச் சூட்டைக் காட்டும். கொன்வேர்ட்டரிலிருந்து வெளிவரும் குழாயில் பூட்டினால் உடனடிச் சூட்டைக் காட்டும். அது சேற்றில் நிற்கும்போது சட்டென்று ஏறிச் சாரதியைப் பயமுறுத்தும். முதல் தடவை பூட்டுபவர்களுக்குச் சம்பே போதும். 110 பாகையைத் தொட்டால் ஒதுக்கி நிறுத்தி, “என்” நிலையில் எஞ்சினைச் சற்றே உயர்த்தி ஓடவிடுங்கள். பம்ப் ஒயிலைக் கூலருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சினை நிறுத்தினால் அந்தச் சுற்றும் நின்றுவிடும்.

ஆழமான சம்ப், காந்தம் வைத்த வெளிப் பில்டர் ஆகியவை நல்லவைதான், அவசரமில்லை. கியர் மாற்றத்தை இறுக்கும் வால்வ் பொடி மாற்றங்களையும் உறுதியான கிளட்ச் தட்டுகளையும் பெட்டியை எப்படியும் பிரிக்கும் நாளில் யோசிக்கலாம். பெரிய ரயர் பூட்டியவர்கள் பின் அச்சில் உள்ள டிபரன்சலின் விகிதத்தையும் பார்க்க வேண்டும். ரயர் பெருத்தால் பெட்டிக்குப் பாரமும் கூடும்.

சேற்றில் புதைந்தால் “டி”யும் “ஆர்”உம் மாறி மாறிப் போட்டு ஆட்டி எடுக்கலாமா?

இரண்டு மூன்று தடவை, சில்லு முழுதாக நின்ற பின் மாற்றினால் பரவாயில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் ஒயிலைக் கொதிக்க வைக்கும். சில்லு அசையாமல் நிற்க எஞ்சின் உறுமும்போது எஞ்சினின் சக்தி முழுவதும் கொன்வேர்ட்டரில் சூடாகிறது. அப்படி ஐந்து வினாடிக்கு மேல் மிதிக்கக்கூடாது. பலகையோ தென்னை மட்டையோ சில்லுக்குக் கீழே போட்டு “எல்” (தாழ்ந்த கியர்) நிலையில் மெதுவாக ஏறுங்கள். அருகில் உழவு இயந்திரம் இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

வெள்ளத்தில் இறக்கிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது இதைப் பலர் நட்டப்பட்டுக் கற்றார்கள். கியர்ப் பெட்டியின் மேலே ஒரு சிறு மூச்சுக்குழாய் உண்டு. சூடான பெட்டி தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, அந்தக் குழாயின் வழியே தண்ணீரை உறிஞ்சும். நீளமான இறப்பர்க் குழாய் ஒன்றை அதில் இணைத்து எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டு போவது சில நூறு ரூபா வேலை, மாரிக்கு முன் செய்துவிடுங்கள். தண்ணீரில் இறங்கிய பின் கம்பியைப் பாருங்கள். பால் நிறம் தெரிந்தால் எஞ்சினைத் தட்டாமல் ஒயில் முழுதையும் மாற்ற வேண்டும். டிபரன்சல் ஒயிலையும் மறக்க வேண்டாம்.

வழியில் நின்றுவிட்டால் கட்டி இழுக்கலாமா? தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

இரண்டும் கூடாது. ஒயில் பம்பைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும், பின் சில்லுகள் சுழலச் சுழலப் பெட்டியின் உட்பகுதி ஒயிலில்லாமல் உராயும். இழுத்தே ஆக வேண்டுமாயின், பெட்டியின் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குக் கொண்டு போகும் புரொப்பெல்லர் சாஃப்டைக் கழற்றிக் கட்டிவையுங்கள். நான்கு நட்டுக்கு வேண்டிய சாவி வாகனத்தில் எப்போதும் இருக்கட்டும்.

கடுகண்ணாவை போன்ற இறக்கத்தில் “என்”இல் விட்டு இறங்கினால் எரிபொருள் மிச்சமா?

மிச்சமில்லை, ஆபத்து மட்டும்தான். “2” அல்லது “எல்” நிலைக்கு இறக்கி எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடியுங்கள்.

கியர் குத்திக்கொண்டு மாறுகிறது. பெட்டி முடிந்துவிட்டதா?

பெட்டியை இறக்குவதற்கு முன் பெட்டிக்கு வெளியே பாருங்கள். பற்றரி பலவீனமாக இருப்பது, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையிலான எர்த் வயர் துருப்பிடித்திருப்பது, புரொப்பெல்லர் சாஃப்டின் மூட்டான குறொஸ் ஆடுவது, எஞ்சின் மவுண்ட் கிழிந்திருப்பது ஆகியவை எல்லாம் பெட்டிப் பழுதாகவே காதுக்குக் கேட்கும். பழைய பெட்டிகளில் அக்சிலரேட்டரோடு இணைந்த கேபிள் தளர்ந்திருந்தால் ஒயில் அமுக்கம் குறைந்து கியர் வழுக்கும், கேபிளை ஒழுங்கு செய்ய அரை மணி நேரம் போதும்.

ஸ்கேனர் பூட்டிக் குறியீட்டைப் படியுங்கள். பி 0700 என்பது கியர்க் கணினியில் வேறு ஒரு குறியீடு இருக்கிறது என்று சொல்லும் பொது மணி மட்டுமே. பி 0218 ஒயில் அளவுக்கு மீறிச் சூடானதைச் சொல்லும். பி 0741 லொக்-அப் கிளட்ச் பிடிக்காததைக் காட்டும். பாரம் ஏற்றும் பின்பக்கப் பெட்டிக்கு மேல்பலகை ஒட்டுவதற்கு வெல்டிங் செய்த மறுநாள் கியர் குழம்பிய லொறிகளும் எங்களிடம் வந்திருக்கின்றன. வெல்டிங்குக்கு முன் பற்றரியைக் கழற்றியிருந்தால் அந்தக் கணினிகள் தப்பியிருக்கும்.

ஸ்மூதர், டியூவோனிக் லொறிகளுக்கு?

கிளட்ச் தேய்ந்தால் மாற்ற வேண்டியது கிளட்ச், பெட்டி அல்ல. மாற்றிய பின் கிளட்ச் பிடிக்கும் புள்ளியை ஸ்கேனரால் கணினிக்குக் கற்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் லொறி துள்ளும். கியர்ப் பகுதிக்கும் ஒயிலில் மூழ்கிய கிளட்ச் பகுதிக்கும் வெவ்வேறு ஒயில் கேட்கும் மாதிரிகள் இருப்பதால் கைநூலைப் பார்க்காமல் எதையும் ஊற்ற வேண்டாம்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிசன் பெட்டி வாங்குவதா, உள்ளதைப் பிரித்துத் திருத்துவதா?

தட்டும் சீலும் மட்டும் போயிருந்தால் திருத்துவது நல்லது. பற்சக்கரமோ பம்போ உடைந்திருந்தால் கொழும்புக்குப் போகலாம். வாங்கும் பெட்டியின் மாதிரி எண், வயர் இணைப்பின் வடிவம், சாஃப்டின் பல் எண்ணிக்கை ஆகிய மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். சம்பைத் திறந்து பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

பூட்டும்போது கொன்வேர்ட்டரைக் கையால் சுழற்றியபடி உள்ளே தள்ளுங்கள். அது படிப்படியாக “டொக்”, “டொக்” என்று இறங்கிப் பம்பின் பல்லில் உட்கார வேண்டும். பெட்டியை எஞ்சினோடு சேர்த்தபின், எஞ்சினின் தட்டுக்கும் கொன்வேர்ட்டருக்கும் இடையில் சிறிய இடைவெளி தெரிய வேண்டும். அது தெரியாமல் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தால் புதிய பெட்டியின் பம்ப், எஞ்சின் ஒருமுறை சுழல்வதற்குள் உடையும். பழைய பெட்டியின் துகள்கள் கூலருக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் ஒளிந்திருக்கும். குழாய்களை ஊதிக் கழுவுங்கள், தட்டுக் கூலரை உள்ளே சுத்தமாக்க முடியாது என்பதால் புதிதாகப் பூட்டுங்கள். இந்தச் செலவை மிச்சம் பிடித்தவர்கள் மூன்று மாதத்தில் அதே பெட்டியோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

இறக்கிய பழைய ஒயிலை என்ன செய்வது?

கறையானுக்கு என்று வேலிக் கட்டையில் பூசுவதும், தூசி அடங்க முற்றத்தில் ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊரில் அது கூடாது. மூடியுள்ள கானில் சேர்த்து, கழிவு ஒயில் வாங்க வருபவர்களிடம் கொடுங்கள். கூலன்ட் கலந்த ஒயிலை வேறு கானில் வையுங்கள், கலந்துவிட்டால் அவர்களும் எடுக்க மாட்டார்கள்.